தட்டினால் எரியும் டார்ச்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன அலுமினிய எல்இடி டார்ச்சைப் பற்றியே இங்கே பெரும்பாலும் பேசுகிறேன். சுவர்க் கடிகாரத்தில் போடுகிற ஏஏ பேட்டரி ஒன்றில் ஓடும் டார்ச், ரிமோட்டில் போடுகிற மெல்லிய ஏஏஏ பேட்டரி மூன்றில் ஓடும் டார்ச் இரண்டும் இதில் அடங்கும். முழுதாகச் செத்துப்போன டார்ச்சோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை, தூக்கி எறிந்துவிடலாம். கடைக்காரரிடம் காட்டும்போது நன்றாக எரிந்துவிட்டு, கரண்ட் போன இரவில் மாடிப்படியில் கைவிடுகிற டார்ச்தான் மனிதனைச் சோதிக்கும்.

டார்ச் எரியவில்லை. உள்ளங்கையில் இரண்டு தட்டு தட்டினால் எரிகிறது. எல்இடி போய்விட்டதா?

எல்இடி போயிருந்தால் எத்தனை தட்டு தட்டினாலும் வராது. தட்டினால் எரிகிறது என்றால் பேட்டரி, எல்இடி, உள்ளிருக்கும் சர்க்யூட் மூன்றும் அநேகமாக உயிரோடுதான் இருக்கின்றன. நடுவில் எங்கோ இரண்டு உலோகப் பரப்புகள் சரியாக ஒட்டவில்லை. அதிர்ச்சியில் அவை ஒரு கணம் தொட்டுக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

கரண்ட் பேட்டரியின் பிளஸ் முனையிலிருந்து கிளம்பி, எல்இடி வழியாகச் சுற்றி, மைனஸ் முனைக்குத் திரும்பி வர வேண்டும். இந்தத் திரும்பும் பாதைக்குப் பெரும்பாலான அலுமினிய டார்ச்சுகளில் தனி வயர் கிடையாது. நீங்கள் பிடித்திருக்கும் உடம்பே அந்த வயர். தலை, குழல், வால்மூடி என்று மூன்று துண்டுகளாக இருக்கும் வயர். துண்டுகள் சேரும் ஒவ்வொரு இடமும் ஓர் இணைப்பு. வீட்டு வயரிங்கில் கம்பிகளை முறுக்காமல் சும்மா பக்கத்தில் வைத்துவிட்டுப் போனால் என்ன ஆகுமோ, மரை லேசாகக் கழன்ற டார்ச்சில் அதுதான் ஆகிறது.

ஆகவே தட்டுவதை நிறுத்துங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பேட்டரி ஸ்பிரிங்கில் போய் இடிக்கிறது. ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் அமுங்கிப்போகிறது.

எந்த இடத்தில் தொடர்பு விடுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு துண்டுக் கம்பி போதும். நிமிர்த்திய ஜெம் கிளிப், ஊக்கு, தோல் உரித்த வயர் என்று எது கையில் கிடைத்தாலும் சரி.

வால்மூடியில் ஸ்விட்ச் உள்ள டார்ச் என்றால், மூடியைக் கழற்றிவிடுங்கள். பேட்டரி குழலுக்குள்ளேயே இருக்கட்டும். இப்போது உங்களுக்குத் தெரிவது பேட்டரியின் அடிப்பாகம், பொதுவாக மைனஸ். கம்பியின் ஒரு முனையை அதில் வையுங்கள். மறு முனையைக் குழலின் விளிம்பில், சாயம் இல்லாமல் வெள்ளையாக மின்னுகிற அந்த வளையத்தில் வையுங்கள். ஷார்ட் ஆகிவிடுமோ என்று பயப்பட வேண்டாம். ஸ்விட்ச் செய்யும் வேலையைத்தான் கம்பி செய்கிறது, கரண்ட் எல்இடி வழியாகத்தான் போகும்.

பளிச்சென்று எரிந்து, டார்ச்சை ஆட்டினாலும் அசையாமல் நின்றால், கோளாறு வால்மூடியில். ஸ்விட்ச், ஸ்பிரிங், மூடியின் மரை, இந்த மூன்றில் ஒன்று. கம்பியை வைத்தும் விட்டு விட்டுத்தான் எரிகிறது என்றால் தலைப் பக்கம் பார்க்க வேண்டும். எரியவே இல்லையா? முதலில் வேறு பேட்டரி போட்டுப் பாருங்கள்.

தலையைத் திருகினால் எரியும் வகையில் வாலில் ஸ்விட்ச் இருக்காது. அங்கே குழலின் மேல் விளிம்பு தலைக்குள் இருக்கும் சர்க்யூட் பலகையின் ஓரத்து வளையத்தைத் தொடுவதுதான் ஸ்விட்ச். அந்த விளிம்பும் வளையமும்தான் உங்கள் சந்தேகத்துக்குரிய முதல் ஆட்கள்.

சுத்தம் செய்தால் சரியாகிவிடும் என்கிறார்கள். எதைச் சுத்தம் செய்வது?

என் மேஜையில் இப்போது ஒரு டார்ச் பிரித்துக் கிடக்கிறது. விரல் நீளம், கறுப்பு, ஒரு ஏஏ பேட்டரி. வால்மூடியைத் திருகும்போதே மணலை அரைப்பதுபோல ஒரு கரகரப்பு. பழைய வேட்டித் துணியின் நுனியை விரல் நகத்தில் சுற்றி மரையின் பள்ளத்தில் வைத்து ஒரு சுற்று சுற்றினேன். துணியில் சாம்பலும் கறுப்புமாக, கண்மை போல ஒரு பசை வந்தது. அலுமினியம் தேய்ந்த துகளும் தொழிற்சாலையில் தடவிய கிரீஸும் சட்டைப்பைத் தூசியும் கலந்த சேறு அது. மூன்று சுற்றுக்குப் பிறகு துணி வெள்ளையாகவே வந்தது. குழல் விளிம்பைத் துடைத்ததும் மங்கிக் கிடந்த வளையம் புது நாணயம்போலத் தெரிந்தது. மூடியைப் பூட்டினேன், எரிந்தது. எத்தனை உதறியும் அணையவில்லை.

பெரும்பாலான டார்ச்சுகளுக்கு மருத்துவம் இவ்வளவுதான். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் இருந்தால் துணியில் இரண்டு சொட்டு விட்டுக்கொள்ளுங்கள், மருந்துக்கடையில் கிடைக்கும். பேட்டரியின் இரு முனைகளையும் ஸ்பிரிங்கின் நுனியையும் தலைக்குள் இருக்கும் பிளஸ் புள்ளியையும் பென்சில் அழிக்கும் ரப்பரால் தேயுங்கள். ரப்பர் துகளை ஊதிவிட மறக்காதீர்கள். அது உள்ளேயே கிடந்தால் அடுத்த கோளாறுக்கு நீங்களே விதை போட்டதாகிவிடும்.

உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாமா?

விளிம்பு வளையத்தில், மிக நைஸான தாளால், லேசாகச் செய்யலாம். கறுப்போ வேறு நிறமோ உள்ள மரையில் கூடாது. அது பெயிண்ட் இல்லை. அனோடைஸ் செய்து அலுமினியத்தின் மேலேயே வளர்த்த ஆக்சைடு படலம். அது கடினமானது, கரண்டைக் கடத்தாது. தேய்மானத்தைத் தாங்கத்தான் மரையில் அதை விட்டிருக்கிறார்கள். தொடர்பு விளிம்பு வழியாக மட்டும் போகும்படி வடிவமைத்திருக்கும்போது மரையைச் சுரண்டுவதால் லாபம் எதுவும் இல்லை.

அணையவில்லை. ஆனால் நடக்கும்போது தானாகவே பெரிய வெளிச்சம் சின்ன வெளிச்சமாகிறது, சில சமயம் மின்னி மின்னி எரிகிறது. பேய் பிடித்ததா?

இதுவும் தொடர்புக் கோளாறுதான், வேஷம் மட்டும் வேறு. ஒரே ஸ்விட்சில் பல வெளிச்ச அளவு உள்ள டார்ச் எப்படி அளவை மாற்றுகிறது? பலவற்றில் ஸ்விட்சைப் பாதி அழுத்தும்போது ஒரு நொடிக்கும் குறைவாகக் கரண்ட் துண்டிக்கப்படுகிறது. அந்தத் துண்டிப்பைத்தான் சர்க்யூட் ‘அடுத்த அளவுக்குப் போ’ என்ற உத்தரவாக எடுத்துக்கொள்கிறது. நீங்கள் படி இறங்கும்போது பேட்டரி ஸ்பிரிங்கை விட்டு ஒரு கணம் விலகினால் சர்க்யூட்டுக்கு வித்தியாசம் தெரியாது. நீங்கள்தான் அழுத்தினீர்கள் என்று நினைத்துக்கொள்கிறது.

மரையைத் துடையுங்கள், ஸ்பிரிங்கைப் பாருங்கள். பிறகு வால்மூடியின் உட்புறம் பாருங்கள். ஸ்விட்சைப் பிடித்திருக்கும் உலோக வளையத்தில் எதிரெதிரே இரண்டு சிறு குழிகள் இருக்கும். கூரான இடுக்கியின் இரு முனைகளை அதில் வைத்து வலப்பக்கம் திருகினால் கால் சுற்று, சில சமயம் அரைச் சுற்றுகூட இறுகும். இந்த வளையம் தளர்வது நிறையப் பேருக்குத் தெரியாத, ஆனால் அடிக்கடி நடக்கிற விஷயம். தலைக்குள்ளும் இப்படி ஒரு வளையம் இருக்கலாம்.

புது பேட்டரிதான். மல்டிமீட்டரில் 1.5 வோல்ட் காட்டுகிறது. ஆனாலும் மங்கலாக எரிந்து, சில நொடிகளில் தூங்கிவிடுகிறது. ஏன்?

மல்டிமீட்டர் பேட்டரியிடம் வேலை எதுவும் வாங்குவதில்லை. சும்மா உட்கார்ந்திருப்பவரிடம் ‘தெம்பாக இருக்கிறீர்களா’ என்று கேட்பது மாதிரி அது. மூட்டையைத் தூக்கச் சொன்னால்தான் உண்மை தெரியும்.

வெள்ளை எல்இடி எரிய ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். ஒற்றை 1.5 வோல்ட் பேட்டரியில் ஓடும் டார்ச்சின் தலைக்குள் வோல்டேஜை ஏற்றிக் கொடுக்கும் ஒரு சின்ன சர்க்யூட் இருக்கிறது. வோல்டேஜை இரட்டிப்பாக்க வேண்டுமானால், எல்இடிக்குப் போவதைப் போல இரட்டிப்புக்கும் மேல் கரண்டைப் பேட்டரியிடமிருந்து இழுத்தாக வேண்டும். 1 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுக்கு மரையிலும் துருப்பிடித்த ஸ்பிரிங்கிலும் சேர்த்து வெறும் அரை ஓம் தடை இருந்தால் அங்கேயே அரை வோல்ட் போய்விடும். இருப்பதே ஒன்றரை, அதில் மூன்றில் ஒரு பங்கு வழியிலேயே பறிபோகிறது. அதனால்தான் ஒற்றைப் பேட்டரி டார்ச்சுகள் அழுக்கைப் பொறுப்பதே இல்லை. (மின்தடை என்று செய்தித்தாளில் போட்டால் கரண்ட் போவது, பாடப்புத்தகத்தில் போட்டால் ஓமில் அளக்கும் தடை. இரண்டும் ஒரே ராத்திரியில் சந்தித்துக்கொள்ளும் இடம் டார்ச்தான்.)

பேட்டரியின் வகையும் முக்கியம். கடிகாரத்துக்கு என்று மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஜிங்க்-கார்பன் வகை. மாதக்கணக்கில் துளித்துளியாகக் கரண்ட் கொடுப்பதில் அது கெட்டி. ஆனால் டார்ச் கேட்கும் வேகத்துக்கு மூச்சுவாங்கும். அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் கழித்துப் போட்டால் மறுபடி நன்றாக எரிந்து, மறுபடி படுத்துக்கொள்ளும். இதைப் பார்த்துவிட்டு ஸ்விட்சைக் குற்றம் சொல்பவர்கள் உண்டு. அல்கலைன் என்று உறையில் எழுதியிருப்பதைப் போட்டுப் பாருங்கள்.

ரீசார்ஜ் செய்யும் பேட்டரியில் 1.2 வோல்ட்தானே இருக்கிறது? குறைவாக எரியாதா?

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு பேட்டரியைத்தான் கேட்கிறீர்கள். எண் குறைவு, ஆனால் ஒற்றைப் பேட்டரி டார்ச்சில் அதுவே மேல். உள் தடை குறைவு என்பதால் சுமை வைத்தாலும் வோல்டேஜ் அவ்வளவாக இறங்காது. கடைசி வரை ஏறக்குறைய ஒரே சீராகக் கொடுத்துவிட்டு முடிவில் சட்டென்று விழும்.

ஒரு சிக்கல் உண்டு. சில டார்ச்சுகளில் பேட்டரியைத் தலைகீழாகப் போட்டாலும் கெடாமல் இருக்க, பிளஸ் புள்ளியைச் சுற்றி ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்திருப்பார்கள். பேட்டரியின் பிளஸ் குமிழ் குட்டையாகவோ அகலமாகவோ இருந்தால் அந்த வளையத்துக்குள் நுழைந்து புள்ளியைத் தொடாது. ஒரு பேட்டரியில் எரிகிற டார்ச் இன்னொன்றில் எரியாமல் இருப்பதற்கு இது ஒரு காரணம். இரண்டு பேட்டரிகளின் குமிழ்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், கண்ணுக்கே தெரியும்.

ஏஏ அளவிலேயே 3.7 வோல்ட் பேட்டரி கிடைக்கிறதே, போடலாமா?

14500 என்று பெயர் போட்ட லித்தியம்-அயான் பேட்டரி அது. அளவு ஒன்றுதான், ஆனால் முழுதாகச் சார்ஜ் ஆனபோது 4.2 வோல்ட். உங்கள் டார்ச் அதைத் தாங்கும் என்று தயாரித்தவர்களே எழுதியிருந்தால் போடுங்கள். இல்லையென்றால் சில நிமிடங்களிலேயே டார்ச் கதை முடிந்துவிடலாம். அந்தச் சில நிமிடங்களுக்கு வெளிச்சம் அபாரமாக இருக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேட்டரி உள்ளேயே ஒழுகிவிட்டது. வெள்ளையாகப் பூத்திருக்கிறது. காப்பாற்ற முடியுமா?

முடியும், அவசரப்படாமல் இருந்தால்.

வெள்ளைப் பூப்பு என்றால் அல்கலைன் பேட்டரி. ஒழுகியது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு, காரம். காற்றுப் பட்டு உப்பாகி வெள்ளையாகிறது. தோலை எரிக்கும், கண்ணில் பட்டால் ஆபத்து. கையுறை போட்டுக்கொள்ளுங்கள், வாயால் ஊதாதீர்கள். காரத்தை முறிக்க அமிலம் வேண்டும். ஒரு பழைய பல்துலக்கும் பிரஷை வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ நனைத்துத் தேயுங்கள். நுரைத்து அடங்கும். அடங்கியதும் அமிலத்தையும் உள்ளே விடக் கூடாது. ஈரத்துணியால் இரண்டு முறை துடைத்து, ஆல்கஹாலால் ஒரு முறை துடைத்து, ஒரு நாள் திறந்தே காயவிடுங்கள்.

ஜிங்க்-கார்பன் ஒழுகினால் பிசுபிசுப்பாகப் பழுப்பாக இருக்கும், அது அமிலத் தன்மை கொண்டது. அதற்குச் சமையல் சோடாவைத் தண்ணீரில் குழைத்துப் போட வேண்டும். அந்த வகைப் பேட்டரியின் மைனஸ் முனையே வெளியே இருக்கும் துத்தநாகக் குப்பிதான். கரண்ட் கொடுக்கக் கொடுக்க அந்தக் குப்பியே கரைகிறது. கரைந்து ஓட்டை விழுந்தால் ஒழுகாமல் என்ன செய்யும்?

பேட்டரி குழலுக்குள் ஊதிச் சிக்கிக்கொண்டிருந்தால் துளைபோட்டு இழுக்கப் பார்க்காதீர்கள். ஒழுகியதற்கேற்ற கரைசலைச் சில சொட்டு விட்டு ஒரு மணி நேரம் வைத்து, தலையையும் கழற்றிவிட்டு, மரக்குச்சியால் மறுபக்கத்திலிருந்து தள்ளுங்கள். சாதாரணப் பேட்டரிக்குத்தான் இது. லித்தியம் பேட்டரி ஊதிச் சிக்கியிருந்தால் டார்ச்சோடு சேர்த்துக் கைகழுவிவிடுவதே புத்திசாலித்தனம்.

ஒழுகியது சர்க்யூட் பலகை வரை ஏறி, செம்புக்கோடுகள் பச்சையாகிவிட்டிருந்தால் நம்பிக்கை குறைவு.

ஸ்பிரிங் அமுங்கிவிட்டது. வெள்ளித்தாள் மடித்து வைத்தால் எரிகிறது. அப்படியே விட்டுவிடலாமா?

அன்றைய இரவுக்குச் சரி. மறுநாள் எடுத்துவிடுங்கள். தாள் நசுங்கும், கிழியும், துண்டு நகர்ந்துபோய்த் தொடக் கூடாத இடத்தைத் தொடும். லித்தியம் பேட்டரி உள்ள டார்ச்சில் ஒரு இரவுக்குக்கூட வேண்டாம்.

ஸ்பிரிங்கை விரலால் மெல்ல இழுத்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் நீட்டுங்கள். நீட்டியும் மறுபடி அமுங்குகிறது என்றால் எஃகு தன் முறுக்கை இழந்துவிட்டது. ரேடியோ பழுதுபார்க்கும் கடையில் பழைய ஸ்பிரிங் ஒன்று கேட்டு மாற்றிக்கொள்ளலாம். சாலிடரிங் தெரிந்தவர்கள் செய்யும் ஒரு நல்ல வேலை இருக்கிறது. ஸ்பிரிங்கின் அடியிலிருந்து நுனிவரை, அமுங்க இடம் விட்டு, மெல்லிய செம்பு வயர் ஒன்றைப் பற்றவைத்துவிடுவது. அழுத்தம் கொடுக்க எஃகு, கரண்ட் போகச் செம்பு. மங்கலாக எரிந்த டார்ச் இதனால் மட்டுமே கண் கூசும்படி மாறியதைப் பார்த்திருக்கிறேன்.

வால் ஸ்விட்ச் ‘கிளிக்’ என்கிறது, ஆனால் பத்துக்கு மூன்று முறைதான் எரிகிறது.

கிளிக் என்ற சத்தம் பிளாஸ்டிக் பற்களுடையது. உள்ளே இருக்கும் செம்புத் தகடு தொட்டதா என்பதற்கு அது அத்தாட்சி இல்லை. கம்பிச் சோதனையில் டார்ச் நன்றாக எரிந்து, மரையும் ஸ்பிரிங்கும் சுத்தமாக இருந்தால், ஸ்விட்ச்தான். காண்டாக்ட் கிளீனர் ஸ்பிரேயை உள்ளே அடித்து முப்பது முறை அழுத்திப் பாருங்கள். சரியாகவில்லை என்றால் மாற்ற வேண்டியதுதான். பழைய ஸ்விட்சைக் கையோடு எடுத்துச் சென்று அகலம், உயரம் பார்த்து வாங்குங்கள்.

மூன்று ஏஏஏ பேட்டரி போடும் டார்ச். உள்ளே கூடு மாதிரி ஒன்று இருக்கிறதே?

அந்தப் பிளாஸ்டிக் கூடுதான் இந்த வகையின் பலவீனம். மூன்று பேட்டரிக்கு ஆறு தொடுமுனைகள், கூட்டின் இரு கோடியிலும் இன்னும் இரண்டு, ஆக எட்டு. அதில் ஒன்று மெல்லிய தகரமாக வளைந்துபோனால் போதும். கூட்டைக் கையில் வைத்து ஒவ்வொரு பேட்டரியையும் விரலால் உருட்டுங்கள். தளர்வாக உருளும் பேட்டரியின் தகரத்தை மூக்குக் குறடால் சற்று முன்னே வளையுங்கள். கூடு தலைகீழாகப் போய்விட்டாலும் எரியாது. அம்புக்குறி எந்தப் பக்கம் என்று ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

பழையதும் புதியதுமாகப் பேட்டரி கலக்காதீர்கள். தீர்ந்துபோன பேட்டரி வழியாக மற்ற இரண்டும் கரண்டைத் தள்ளும். ஒழுகுவது அதுதான்.

முதல் சில நிமிடம் நன்றாக எரிகிறது, சூடானதும் அணைகிறது.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். வெளிச்சம் ஒரு படி இறங்கி அங்கேயே நிற்கிறது என்றால் கோளாறு இல்லை. சூட்டைக் குறைக்கப் பல டார்ச்சுகள் வேண்டுமென்றே அப்படிச் செய்கின்றன. முழுதாக அணைந்து, ஆறியதும் மறுபடி எரிகிறது என்றால் எங்கோ சாலிடரில் மயிரிழை விரிசல் இருக்கலாம். சூட்டில் உலோகம் விரிந்து தொடர்பு விடுகிறது. தலையைக் கழற்ற முடிந்தால், எல்இடியின் கால்களிலும் வயர் முனைகளிலும் மரக்குச்சியால் மெல்ல அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தினால் எரிகிறதோ அங்கே சாலிடரிங் அயர்ன் வைக்க வேண்டும். இது மட்டும்தான் தட்டி எரிகிற கோளாறுகளில் சற்றுத் திறமை கேட்பது.

சுவர் பிளக்கில் நேரடியாகச் செருகிச் சார்ஜ் செய்யும் டார்ச்சையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாமா?

செருகிய நிலையில் ஒருபோதும் வேண்டாம். மலிவான பலவற்றில் டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது. ஒரு கெபாசிட்டர் வழியாக 230 வோல்ட் லைனிலிருந்தே நேராகச் சார்ஜ் ஆகிறது. உள்ளிருக்கும் எந்தத் தகரத்தைத் தொட்டாலும் லைனைத் தொட்டதுபோலத்தான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெபாசிட்டரில் மிச்சம் இருக்கும். இவற்றில் பல 4 வோல்ட் லெட்-ஆசிட் பேட்டரியில் ஓடுகின்றன. மாதக்கணக்கில் தீர்ந்த நிலையிலேயே அலமாரியில் கிடந்தால் அந்தப் பேட்டரி திரும்பி வராது.

பையில் வைத்தால் தானாக எரிந்து பேட்டரி தீர்ந்துவிடுகிறது.

வால்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தி வையுங்கள். மரை அனோடைஸ் செய்யப்பட்டிருந்தால் தொடர்பு அறுந்துவிடும். ஸ்விட்சை யார் அழுத்தினாலும் எரியாது.

தாத்தா காலத்துப் பித்தளை டார்ச், மூன்று கட்டை போடுவது. பல்பு வகை. அதற்கும் இதே வைத்தியமா?

அதே வைத்தியம், களிம்பு மட்டும் கூடுதல். பித்தளையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் புளியும் உப்பும் போட்டுத் தேய்த்து, கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே பேட்டரி போடுங்கள். பல்பைக் கழற்றி அதன் அடியில் இருக்கும் ஈயப் பொட்டை ரப்பரால் தேயுங்கள். பக்கவாட்டு ஸ்விட்சின் தகடு களைத்திருந்தால் லேசாக உயர்த்தி வளையுங்கள்.

டார்ச்சின் சரித்திரமே இப்படித்தான் தொடங்கியது. அமெரிக்காவில் டேவிட் மிசெல் என்பவருக்கு 1899 ஜனவரியில் கைவிளக்குக்கான காப்புரிமை கிடைத்தது. அந்தக் காலத்துப் பேட்டரியால் தொடர்ந்து கரண்ட் கொடுக்க முடியவில்லை. கொஞ்சம் எரியவிட்டு, அணைத்து, ஓய்வு கொடுத்து மறுபடி போட வேண்டியிருந்தது. ஃபிளாஷ்லைட் என்று அமெரிக்கர்கள் இன்றும் சொல்லும் பெயர் அந்த விட்டு விட்டு எரிந்த வெளிச்சத்திலிருந்து வந்ததாகத்தான் சொல்கிறார்கள்.

எல்லாம் செய்து பார்த்தாயிற்று. எப்போது கைவிடுவது?

கம்பிச் சோதனையில், நல்ல அல்கலைன் பேட்டரியோடு, சுத்தமான விளிம்போடு, அப்போதும் எரியாவிட்டால் தலைக்குள் இருக்கும் சர்க்யூட்டோ எல்இடியோ அநேகமாகப் போய்விட்டது. தலை பசை வைத்து ஒட்டப்பட்டிருந்தால் அங்கேயே விட்டுவிடலாம். வால் ஸ்விட்ச், ஸ்பிரிங், கண்ணாடி, ரப்பர் வளையம் ஆகியவற்றைக் கழற்றி ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். அடுத்த டார்ச்சுக்கு ஸ்பிரிங் தேடி அலைய வேண்டியிருக்காது.